சேர்க்கும்போது உதவி, முடித்த பிறகு?



போன பள்ளி விடுமுறையில் கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் நடந்துகொண்டிருந்தேன். மோட்டாரை ஓரம் கட்டிவிட்டு ஒரு பையன் ஓடி வந்தான். பின்னால் உணவு கொண்டு போகும் பெட்டி. முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, ஆறாம் ஆண்டில் என்னிடம் படித்தவன். "சார், அரசாங்க வேலைக்கு ஒரு பாரம் நிரப்பணும். கொஞ்சம் பார்த்துக் கொடுக்கிறீங்களா?" என்றான். மறுநாள் கோப்போடு வீட்டுக்கே வந்துவிட்டான்.

கோப்பில் ஒரு டிப்ளோமா இருந்தது. அவன் படித்த பாடத்திட்டத்துக்குத் தற்காலிக அங்கீகாரம் மட்டுமே இருந்திருக்கிறது. முழு அங்கீகாரம் வருவதற்குள் கல்லூரி அந்தப் பாடத்திட்டத்தையே நிறுத்திவிட்டது. கையில் சான்றிதழ் இருக்கிறது, ஆனால் பொதுச்சேவை விண்ணப்பத்தில் அதை எழுத முடியவில்லை. பிடிபிடிஎன் கடிதம் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது.

அவன் கல்லூரியில் சேர்ந்தபோது வாழ்த்துச் சொன்னவர்களில் நானும் ஒருவன். அந்த விளம்பரத்தாளை என் கையில் கொடுத்துத்தான் அவன் அம்மா கருத்துக் கேட்டார். "நல்லா இருக்குங்க, சேர்த்து விடுங்க" என்று சொன்னேன். கீழே இருந்த சிறிய எழுத்தை நான் படிக்கவே இல்லை.

இப்போது நம் ஆசிரியர் புலனக் குழுக்களில் ஒரு பேச்சு அடிக்கடி வருகிறது. பட்டத்துக்கு மதிப்பே இல்லாமல் போய்விட்டது, மாநில அரசு ஏதாவது செய்யக்கூடாதா என்று. கேள்வி நியாயமானது. வருகிற பதில்களில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. பெரும்பாலான பதில்கள் 'உதவித்தொகையைக் கூட்ட வேண்டும்' என்பதோடு நின்றுவிடுகின்றன.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் நாட்டில் கல்வி கூட்டரசின் அதிகாரம். அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் அது கூட்டரசுப் பட்டியலில் இருக்கிறது. தனியார் உயர்க்கல்வி நிறுவனங்களை நடத்தும் சட்டம் 1996இல் வந்தது. மலேசியத் தகுதி முகமை, அதாவது எம்.கியூ.ஏ, 2007இல் தொடங்கப்பட்டது. இரண்டும் கூட்டரசினுடையவை. ஷா ஆலமில் உட்கார்ந்துகொண்டு ஒரு பட்டத்துக்கு அங்கீகாரம் கொடுக்கவும் முடியாது, பறிக்கவும் முடியாது. அப்படியானால் மாநிலத்துக்கு என்ன வேலை? நிறைய இருக்கிறது. நிலம் மாநிலத்தின் கையில். ஊராட்சி மன்றங்கள் மாநிலத்தின் கையில், சிலாங்கூரில் மட்டும் 12. பி.கே.என்.எஸ்., ஆயர் சிலாங்கூர் போன்ற நிறுவனங்கள் அதன் கையில். சொந்தமாக ஒரு பல்கலைக்கழகமும் இருக்கிறது.

அந்தப் பல்கலைக்கழகத்தை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். 1999இல் சிலாங்கூர் தொழில்துறைப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய யுனிசெல்தான் அது. ஷா ஆலமிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் அதன் வளாகங்கள் உள்ளன. பெஸ்தாரி ஜெயா என்றால் புரியாதவர்களுக்கு, நம் பழைய பத்தாங் பெர்ஜுந்தை. சுற்றிலும் தோட்டங்களாக இருந்த ஊரில் ஒரு மாநிலம் தன் பெயரில் பல்கலைக்கழகம் கட்டியது சின்ன விஷயமல்ல.

கட்டியாயிற்று. பட்டம் பெற்று வெளியே போனவர்கள் என்ன ஆனார்கள் என்பதுதான் என் கேள்வி. இதை யுனிசெல்லை மட்டும் பார்த்துக் கேட்கவில்லை. சிலாங்கூர் அரசின் உயர்க்கல்வி உதவிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய எல்லாமே சேரும்போது கிடைப்பவை: நுழைவு உதவித்தொகை, கட்டண உதவி, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான உதவி. காசோலை கொடுக்கும் படம் நாளிதழில் வருகிறது. மூன்று நான்கு ஆண்டு கழித்து அதே பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று யாரும் படம் எடுப்பதில்லை. உதவி வேண்டாம் என்று சொல்லவில்லை. என் மாணவர்களில் பலர் அந்த உதவியால்தான் படித்தார்கள். ஆனால் உதவித்தொகை பட்டங்களின் எண்ணிக்கையைத்தான் கூட்டும். மதிப்பு அதனால் தானாகக் கூடிவிடாது.

சரவாக் இன்னும் ஒரு படி மேலே போய், தனக்குச் சொந்தமான பல்கலைக்கழகங்களில் சரவாக் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாக் கல்வியை 2026 முதல் அறிவித்தது. நம் பக்கத்துப் பெற்றோர் இதைக் கேட்டுப் பெருமூச்சு விடுகிறார்கள். எனக்கு அதில் பிடித்தது இலவசம் என்பது அல்ல. எல்லாத் துறைக்கும் என்று சொல்லாமல், மாநிலத்துக்குத் தேவையானவை என்று சில துறைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். எந்தப் பட்டத்துக்குத் தன்னிடம் வேலை இருக்கிறது என்று ஓர் அரசு யோசித்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

மதிப்பை எதை வைத்து அளக்கிறார்கள் என்று பார்த்தால் இன்னொரு சிக்கல் தெரியும். உயர்க்கல்வி அமைச்சு ஆண்டுதோறும் பட்டதாரிகளிடம் ஆய்வு செய்கிறது. பட்டமளிப்பு விழாவுக்கு முன் பிள்ளைகள் இணையத்தில் நிரப்புவார்களே, அதுதான். அதிலிருந்து வரும் எண் அண்மைய ஆண்டுகளில் 90 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கில் வேலை செய்பவர் மட்டுமல்ல, மேற்படிப்புக்குப் போனவர், திறன் பயிற்சியில் இருப்பவர், வேலையில் சேரக் காத்திருப்பவர் எல்லாரும் அடங்குவார்கள். என் மாணவன் அந்தப் பாரத்தை நிரப்பியிருந்தால் அவனும் 'வேலையில் இருப்பவன்'தான். பெட்டி தூக்கினாலும் வேலை வேலைதானே! புள்ளியியல் துறையின் தரவு வேறு மாதிரி பேசுகிறது. உயர்க்கல்வி பெற்று வேலையில் இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் தங்கள் தகுதிக்குக் கீழான வேலையைத்தான் செய்கிறார்கள். இரண்டு எண்ணும் உண்மை. கல்லூரி விளம்பரத்தில் எது வரும் என்று உங்களுக்கே தெரியும்.

இங்கேதான் மாநிலம் இறங்க வேண்டும். யுனிசெல்லின் ஒவ்வொரு பாடத்திட்டத்துக்கும் தனித்தனியாக, முடித்து ஓராண்டு கழித்து எத்தனை பேர் படித்த துறையிலேயே வேலை செய்கிறார்கள், நடுச் சம்பளம் எவ்வளவு என்று வெளிப்படையாகப் போடட்டும். இதற்குக் கூட்டரசின் அனுமதி எதற்கு? தன் பல்கலைக்கழகம், தன் பட்டதாரி. மாநில உதவித்தொகை பெற்று வேறு கல்லூரிகளுக்குப் போகிறவர்களையும் இதேபோல் பின்தொடர்ந்து கணக்கெடுக்கட்டும். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று 2025இல் ஆனது. அதற்குப் பட்டமே தேவையில்லை. மூன்று ஆண்டுப் படிப்பும் கடனும் முடிந்து அதைவிட எவ்வளவு கூடக் கிடைக்கிறது என்பது பெற்றோருக்குத் தெரிய வேண்டாமா?

எண்ணைப் போட்டால் சில பாடத்திட்டங்கள் அசிங்கப்படும். படட்டும்.

பினாங்கு வேறு வழியில் போனது. 1989இல் பினாங்கு திறன் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கினார்கள். மாநில அரசும் அதன் மேம்பாட்டுக் கழகமும் தொடக்கத்துக்குத் தோள் கொடுத்தன. ஆனால் என்ன கற்றுக்கொடுப்பது என்பதை முடிவுசெய்யும் நாற்காலியில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளை உட்கார வைத்தார்கள். தொழிற்சாலைகளுக்கு ஆள் தேவை, மாநிலத்திடம் நிலமும் செல்வாக்கும் இருந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். அங்கே கொடுக்கும் சான்றிதழுக்கு மதிப்பு வந்த காரணம் எளிது. பாடத்தை வடிவமைத்தவனே வேலைக்கு எடுப்பவனாகவும் இருந்தான்.

சிலாங்கூரிலும் 1992 முதல் அப்படியொரு மனிதவள மேம்பாட்டு மையம் இருக்கிறது. ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கில் நம் பிள்ளைகள் எத்தனை பேருக்கு அதன் பெயர் தெரியும்? கிள்ளான் துறைமுகம் நம் வாசலில் இருக்கிறது. காப்பாரிலிருந்து பூலாவ் இண்டா வரை கிடங்குகள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. நிலமும் கட்டட அனுமதியும் மாநிலத்திடமும் ஊராட்சி மன்றத்திடமும்தான். அனுமதி கொடுக்கும்போதே 'இத்தனை டிப்ளோமா மாணவருக்குச் சம்பளத்தோடு தொழிற்பயிற்சி கொடு' என்று ஒரு நிபந்தனை போட்டால் என்ன? 2024இல் கிள்ளான் அரச மாநகர் மன்றமாகத் தரம் உயர்ந்தது. மாநகர் மன்றமே ஆண்டுக்கு எத்தனை மாணவரைப் பயிற்சிக்கு எடுக்கிறது, பயிற்சி முடிந்து எத்தனை பேரை வேலையில் வைத்துக்கொள்கிறது என்று நம் சங்கம் கடிதம் எழுதிக் கேட்கலாம். தன் பல்கலைக்கழகப் பட்டதாரியைத் தானே வேலைக்கு எடுக்கத் தயங்கும் மாநிலம், மற்ற முதலாளிகளிடம் போய் அந்தப் பட்டத்துக்கு என்ன சிபாரிசு செய்ய முடியும்?

'அரசே கல்லூரிகளை எடுத்து நடத்தட்டும்' என்று சிலர் சொல்கிறார்கள். அவர்களுக்கு நமக்கு நெருக்கமான ஓர் உதாரணம் சொல்கிறேன். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நம் ஆசிரியர் சமூகத்துக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. அங்கே தொலைதூரக் கல்வியில் பட்டம் வாங்கிய மூத்த ஆசிரியர்கள் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். நிதி நெருக்கடியில் சிக்கிய அந்தப் பல்கலைக்கழகத்தை 2013இல் சட்டம் இயற்றித் தமிழ்நாடு அரசு தன் பொறுப்பில் எடுத்தது. தேவைக்கு அதிகமாக இருந்த ஆயிரக்கணக்கான ஊழியர்களை வேறு துறைகளுக்கு மாற்றினார்கள். பல்கலைக்கழகம் பிழைத்தது. ஆனால் 2014-15க்குப் பிறகு தொலைதூரப் பாடங்களுக்கு அனுமதி இல்லை என்று 2022இல் யு.ஜி.சி. பொது அறிவிப்பு விட்டது. நடுவில் சேர்ந்தவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். உரிமையாளர் அரசுதான், வளாகம் இருக்கிறது, பேராசிரியர்களும் இருக்கிறார்கள். அப்படியும் தாளின் மதிப்பு தொங்கலில். என் மாணவனின் கதைதான் இதுவும், அளவு மட்டும் பெரிது.

சத்தீஸ்கரில் நடந்தது இன்னும் மோசம். 2002இல் ஒரு மாநிலச் சட்டம் போட்டு, நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் பல்கலைக்கழகங்களை அரசாணையிலேயே பிறப்பித்தார்கள். பலவற்றுக்கு வளாகம்கூட இல்லை. 2005இல் இந்திய உச்சநீதிமன்றம் அந்தச் சட்டப்பிரிவுகளைச் செல்லாது என்று சொல்லிவிட்டது. மாநில அரசால் ஒரே ஆணையில் பல்கலைக்கழகம் என்ற பெயரைக் கொடுக்க முடிந்தது, மதிப்பைக் கொடுக்க முடியவில்லை.

தமிழ்நாட்டின் 'நான் முதல்வன்' திட்டத்தையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. 2022இல் தொடங்கியது. கல்லூரிப் பாடத்துக்குள்ளேயே திறன் பயிற்சியைக் கொண்டுவந்தார்கள். பட்டம் முடிந்த பிறகு தனியாக ஒரு 'கோர்ஸ்' போ என்று சொல்வதைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் பயிற்சி எண்ணிக்கையைச் சொல்லிப் பெருமைப்படும் பழக்கம் அங்கேயும் இருக்கிறது. நான் முன்பு கேட்ட கேள்வியைத்தான் அங்கும் கேட்க வேண்டும்.

சரி, அரசு செய்கிறபோது செய்யட்டும். இந்த வாரம் நம்மால் ஆகக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். எஸ்பிஎம் முடிவு வந்ததும் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கல்விக் கண்காட்சிகள் நடக்கும். முன்னாள் மாணவர்களின் பெற்றோர் நம்மிடம்தான் வந்து கேட்பார்கள், ஏனென்றால் இடைநிலைப்பள்ளி ஆசிரியரைவிட நம்மை அவர்களுக்குப் பழக்கம். விளம்பரத்தாளின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். அதில் எம்.கியூ.ஏ என்பதை அடுத்து 'எஃப்.ஏ.' என்று இருந்தால் முழு அங்கீகாரம். 'பி.ஏ.' என்று இருந்தால் தற்காலிகம் (இளங்கலை என்று நினைத்துவிடாதீர்கள், அப்படி நினைத்தவரைப் பார்த்திருக்கிறேன்). தற்காலிகம் என்றால் மோசடி என்று அர்த்தமில்லை. புதிய பாடத்திட்டம் எல்லாமே அப்படித்தான் தொடங்கும், முதல் அணி கடைசி ஆண்டுக்கு வரும்போதுதான் முழு அங்கீகாரத்துக்கு மதிப்பீடு நடக்கும். பிடிபிடிஎன் கடனும் கிடைக்கும். கடன் கிடைத்ததே, அப்படியென்றால் எல்லாம் சரிதான் என்று குடும்பம் நம்பிவிடுவது இதனால்தான். எம்.கியூ.ஏ-வின் தகுதிப் பதிவேடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கல்லூரிப் பெயரைத் தட்டினால் பாடத்திட்டமும் அங்கீகாரத் தேதியும் வரும். பெற்றோர் கண்முன்னே கைப்பேசியில் தட்டிக் காட்டுங்கள், ஐந்து நிமிடம் போதும்.

மாநில அரசும் இதையே ஒரு நிபந்தனையாக வைக்கலாம். தற்காலிக அங்கீகாரம் உள்ள பாடத்துக்கு மாநிலப் பணம் போகிறது என்றால், அது முழு அங்கீகாரம் பெறாமல் நின்றுபோகும் நாளில் அந்தப் பிள்ளைகளை யுனிசெல்லில் தொடர வைக்கும் பொறுப்பையும் மாநிலம் ஏற்க வேண்டும். படித்த பாடங்களுக்குப் புள்ளி மாற்றம் கொடுக்கும் முறை ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பயன்படுத்த ஒரு முடிவு எடுத்தால் போதும்.

அந்தப் பையனின் பாரத்தை அன்றிரவு எஸ்பிஎம் தகுதியை வைத்து நிரப்பினோம். டிப்ளோமாவைக் கோப்புக்குள்ளேயே திரும்ப வைத்துக்கொண்டான். "அம்மாகிட்ட இது செல்லாதுனு சொல்லாதீங்க சார், ஃப்ரேம் போட்ட நகல் ஒண்ணு வீட்டு ஹால்ல மாட்டியிருக்காங்க" என்றான்.