ஆர்மீனியன் தெருவில் வரிசையில் நிற்பவர்களுக்கு

பினாங்கில் குடியிருப்பவனுக்கு ஒரு கடமை உண்டு. வெளியூரிலிருந்து யார் வந்தாலும் முதலில் கேட்பது, "அந்த சைக்கிள் படம் எங்கே இருக்கு?" என்பதுதான். கூட்டிப் போக வேண்டும். போனால் அங்கே வரிசை நிற்கும். முன்னால் நிற்கும் குடும்பம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, குழந்தையைத் தூக்கி வைத்து, நாலு கோணத்தில் எடுத்து முடிக்கும்வரை வெயிலில் காய வேண்டும். நம் முறை வந்ததும் நாமும் அதையேதான் செய்வோம். பிறகு கையிலிருக்கும் வரைபடத்தை விரித்து அடுத்த புள்ளியைத் தேடிக் கிளம்புவோம்.

பத்துப் பன்னிரண்டு தடவை இப்படி உறவினரையும் நண்பரையும் கூட்டிப்போன பிறகு இரண்டு கேள்விகள் எனக்குள் தங்கிவிட்டன. பினாங்கின் ஜார்ஜ் டவுனுக்குக் கலை நகரம் என்று பேர் வாங்கித் தந்த இந்தச் சுவரோவியங்கள் எந்த அளவுக்கு நல்ல ஓவியங்கள்? அவற்றைத் தேடி நடப்பது இந்த ஊரைப் பார்க்க நல்ல வழிதானா? இரண்டும் வேறு வேறு. இங்கே கேட்கும் புகழ்ச்சியிலும் சரி, வசையிலும் சரி, பெரும்பகுதி இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால் வந்தது.

முதலில் ஓவியம். 2012இல் ஜார்ஜ் டவுன் விழாவுக்காக, லித்துவேனியாக்காரரான எர்னஸ்ட் சக்காரெவிச் பழைய நகரின் சுவர்களில் சில படங்களைத் தீட்டினார். ஆர்மீனியன் தெருவின் சைக்கிள் குழந்தைகள் அவற்றில் ஒன்று. சுவரோடு சேர்த்து நிறுத்தியிருப்பது நிஜமான பழைய சைக்கிள். மிதிக்கும் அக்காளும், பின்னால் அவளைக் கட்டிக்கொண்டு சிரிக்கும் தம்பியும் வண்ணம். சைக்கிளின் துருவும் காரை பெயர்ந்த சுவரின் கறையும் ஒரே நிறத்துக்கு வந்துவிடுவதால், எங்கே பொருள் முடிகிறது, எங்கே படம் தொடங்குகிறது என்பது சட்டென்று தெரியாது. சுவரைப் பூசி மெழுகி வெள்ளைத் தாளாக்காமல், அதன் மூப்பையே பின்னணியாக எடுத்துக்கொண்டது ஓவியரின் கெட்டிக்காரத்தனம். அதே படத்தைப் புதுச் சுவரில் தீட்டினால் வாழ்த்து அட்டை போலத்தான் இருக்கும்.

ஆனால் பொருளை ஒட்டவைக்கும் இந்த உத்திக்குள்ளேயே ஒரு ஓட்டையும் இருக்கிறது. சைக்கிள் இருந்தால் கை அதைப் பிடிக்கப் போகும். ஆ குவீ தெருவின் மோட்டார் சைக்கிள் பையனுக்கும் இதே கதிதான். பார்க்க வந்தவர் படத்துக்குள் ஏறி உட்கார்ந்துவிடுகிறார். படம் அவருக்குச் சட்டகமாகிவிடுகிறது. அப்படி ஏறி உட்கார்ந்தவர் படத்தைப் பார்ப்பதில்லை, கேமராவைப் பார்க்கிறார்.

அதனால் சக்காரெவிச்சின் படங்களில் என் தேர்வு சைக்கிள் அல்ல. மன்ட்ரி தெருவில் நீலச் சட்டைச் சிறுமி ஒருத்தி இருக்கிறாள். ஒரு மாடி உயரம். இரண்டு சன்னல்களின் மேலுள்ள மறைப்புகளில் ஒவ்வொன்றிலும் ஒரு கையை ஊன்றி, தம் பிடித்து எழும்புவதுபோல் தீட்டியிருக்கிறார். வெளியிலிருந்து கொண்டுவந்து மாட்டிய பொருள் ஒன்றும் கிடையாது; கட்டடத்தில் ஏற்கெனவே இருந்ததுதான் அவளுக்குப் பிடிமானம். யாரும் அவள்மேல் ஏற முடியாது. எதிர்ச்சாரிக்குப் போய் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். அண்ணாந்தால் சிறுமியோடு சேர்ந்து சன்னலும் கண்ணில் படும், அந்தப் பக்கத்து வீட்டின் ஓடும் கண்ணில் படும். சுவரோவியத்துக்கு நான் வைக்கும் அளவுகோல் இதுதான்: படம் சுவருக்குச் சொந்தமாக இருக்கிறதா, தன்னோடு சேர்த்துச் சுவரையும் பார்க்கவைக்கிறதா? இதில் நீலச் சட்டைக்காரி தேறுகிறாள். கேனன் தெருவில் நாற்காலிமேல் ஏறிச் சுவரின் ஓட்டைக்குக் கை நீட்டும் பையனுக்குப் பாதி மதிப்பெண். சைக்கிள் குழந்தைகள், கூட்டமில்லாத காலை ஏழு மணிக்குத் தேறுவார்கள். பதினொரு மணிக்குத் தேற மாட்டார்கள்.

அவருக்குப் பின்னால் வந்தவர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பொருளை ஒட்டவைக்கும் வழியை அவர் காட்டிக்கொடுத்தார். ஊஞ்சல், கூடை, தட்டுவண்டி என்று கிடைத்ததையெல்லாம் தொங்கவிட்டுப் படமெடுக்க இடம் தயாரித்தார்கள் மற்றவர்கள். அவை கடைவாசல் விளம்பரங்கள். ஓவியம் என்று எடுத்துக்கொண்டு குறைசொல்வதே அவற்றுக்கு மரியாதை தருவதாகிவிடும்.

இதற்கிடையில் யாரும் வரிசை கட்டாத கம்பிச் சித்திரங்கள் இருக்கின்றன. மாநில அரசு நடத்திய போட்டியில் வென்ற 'ஸ்கல்ப்ச்சர் அட் வொர்க்' என்ற மலேசிய நிறுவனம், உள்ளூர்க் கேலிச்சித்திரக்காரர்களை வைத்து உருவாக்கிய 52 இரும்புக் கம்பி வேலைப்பாடுகள். ஒவ்வொன்றும் அது நிற்கும் தெருவைப் பற்றி ஒரு செய்தி சொல்லும். 'லவ் லேன்' என்ற சந்தில், சன்னல் வழியாக நழுவும் கணவன் ஒருவன் கம்பியில் தொங்குகிறான். காலணி வடிவமைப்பாளர் ஜிம்மி சூ செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்ட இடத்துக்கு ஒரு கம்பி. கலை உயரத்தில் இவை சக்காரெவிச்சின் பக்கத்தில் வர முடியாது, ஒரு சிரிப்போடு தீர்ந்துவிடும் என்பார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் சிரித்து முடித்தவன் தெருவின் பேரைத் தெரிந்துகொண்டு போகிறான். அந்தப் பேர்களில்தான் ஊரே இருக்கிறது. இன்று சைக்கிளுக்காகக் கூட்டம் கூடும் ஆர்மீனியன் தெருவுக்கு ஹொக்கியன் சீனர் வழக்கில் செம்பு தட்டுவோர் தெரு என்று பெயர். தொழிலால் அறியப்பட்ட தெரு, படத்தால் அறியப்படும் தெருவாகிவிட்டது.

இனி இரண்டாவது கேள்வி. இது கசப்பானது.

சுவரோவியங்கள் வந்துதான் பழைய குடிகள் வெளியேறினார்கள், பலசரக்குக் கடைகள் காப்பிக் கடைகளாயின என்று இங்கே அடிக்கடி கேட்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் பேசினேன். ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அந்தக் குற்றச்சாட்டு நிற்காது. போருக்கு முந்தைய கட்டடங்களின் வாடகையை ஏற்றவிடாமல் 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிடித்துவைத்திருந்தது. அதனால்தான் ஒரே கடைவீட்டில் தலைமுறை தலைமுறையாக ஆட்கள் இருக்க முடிந்தது. செலவு செய்ய மனமில்லாத உரிமையாளர்களால் கூரை ஒழுகியதும் அதனால்தான். 1997இல் அச்சட்டத்தை நீக்க முடிவாகி, 2000 ஜனவரி முதல் நாளிலிருந்து கட்டுப்பாடு விலகியது. வாடகை ஏறியது, குடும்பங்கள் தீவின் புறப்பகுதி அடுக்குமாடிகளுக்குப் போயின. காலியான கடைவீடுகள் பலவற்றில் ஒலிபெருக்கியில் பறவைக் குரலைப் போட்டு உழவாரன் குருவிகளை அழைத்துக் கூடு அறுவடை செய்தார்கள். மேல்மாடியில் மனிதக் குரலுக்குப் பதிலாக நாள் முழுக்கப் பதிவுசெய்த கீச்சொலி. 2008 ஜூலை 7 அன்று மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றிய பிறகே அந்தக் குருவிப் பண்ணைகளை அகற்றும் வேலை நடந்தது. சக்காரெவிச் தூரிகையோடு வந்தது 2012இல். அவர் வந்தபோது வீடுகள் ஏற்கெனவே காலி.

ஆகவே ஆட்களை விரட்டிய பழி ஓவியத்துக்கு இல்லை. வேறொன்று இருக்கிறது. இந்த நகரின் சுவர்களில் எத்தனை குழந்தைகள் என்று எண்ணிப்பாருங்கள். சைக்கிளில், மோட்டார் சைக்கிளில், நாற்காலியில், ஊஞ்சலில். சுவர் முழுக்கக் குழந்தைகள். அதே தெருவில் சாயங்காலம் பந்து விளையாடும் நிஜப் பிள்ளைகளை எண்ண ஒரு கை விரலே போதும். போய்விட்ட வாழ்க்கையை இனிப்பாக்கித் தருவதுதான் இப்படங்களின் கவர்ச்சி. யாரோ ஒருவருடைய இழப்பு, வந்தவருக்கு ஏக்கமாக மாறுகிறது; ஏக்கம் சட்டையிலும் குளிர்பெட்டிக் காந்தத்திலும் ஏறி விற்பனைக்கு வருகிறது. இங்கே வேறு வழியும் முயன்று பார்க்கப்பட்டது. சுவரோவியங்களுக்குப் பத்தாண்டு முன்பே, 'ஆர்ட்ஸ்-எட்' என்ற அமைப்பு 'அனாக்-அனாக் கோத்தா' (நகரத்துப் பிள்ளைகள்) என்ற திட்டத்தில் உள்நகரச் சிறார்களைத் தெருக்களுக்கு அழைத்துப்போய், கைவினைஞர்களிடமும் முதியவர்களிடமும் கற்கவைத்து, அதை அவர்களே ஆடியும் நடித்தும் காட்டவைத்தது. அதில் பிள்ளைகள் உயிரோடு இருந்தார்கள். படமெடுக்க ஒரு மூலை இல்லாததால் வரைபடத்தில் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

என் வழக்கு வரைபடத்தின் மீதுதான். புள்ளியிலிருந்து புள்ளிக்குப் போகிறவர் இடையிலிருக்கும் தெருவைத் தாண்டுகிறார், பார்ப்பதில்லை. நாங்கள் அஞ்சடி என்று சொல்லும் அந்த மூடிய முன்நடையில், ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் தரை ஓடு மாறும். கால்களுக்கே அது தெரியும். அவரோ வெயிலில் நடுச்சாலையில் போகிறார். புள்ளிகள் நாலைந்து தெருக்களில்தான் நெருக்கம். பணமும் அங்கேயே நெருங்குகிறது. லிட்டில் இந்தியா பக்கம் வந்தால் புள்ளிகள் அருகிப்போகும். அந்தப் பக்கத்துத் தெரு ஒன்றைப் பழைய தமிழர் படகுக்காரத் தெரு என்று அழைத்தார்கள். கரைக்கும் கப்பலுக்கும் இடையே சரக்கு ஏற்றி இறக்கியவர்கள் வாழ்ந்த இடம். ரஷ்யாவின் யூலியா வோல்ச்கோவா தீட்டிய இந்தியப் படகோட்டி ஒருவர் இந்நகரச் சுவரில் உண்டு. நல்ல படம், சிரிக்காத முகம். அவரோடு படமெடுக்க வரிசை நின்று நான் பார்த்ததில்லை.

வரைபடம் வேண்டாமென்றால் என்ன செய்வது? சுளியா தெருவில் தொடங்குங்கள். சுளியா என்றால் தென்னிந்தியாவிலிருந்து, பெரும்பாலும் தமிழகக் கரையிலிருந்து, வந்த முஸ்லிம்கள். கிங் தெரு முனையில் நாகூர் தர்கா. நாகூரிலிருந்து கடல் தாண்டி வந்த நேர்த்திக்கடனின் அடையாளம். கொஞ்சம் நடந்தால் காதர் முகைதீன் 1801இல் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், அதற்கு அந்தப் பக்கம் 1833இன் மாரியம்மன் கோயில், கூப்பிடு தூரத்தில் சீனரின் குவான் இன் கோயில். இவற்றின் பின்னணியைத் தெரிந்துகொள்ள கூ சல்மா நாசுத்தியோன் எழுதிய 'தி சுளியா இன் பினாங்' இருக்கிறது. கனமான புத்தகம், கையில் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது, வீட்டில் படித்துவிட்டு வாருங்கள். பசித்தால் கேம்பல் தெருவில் 1907 முதல் நாசி கண்டார் போடும் ஹமீதியா.

இன்றைய ஓவியத்தைப் பார்க்க வேண்டுமென்பவர்கள் குர்த்வாரா சாலையின் ஹின் பஸ் டிப்போவுக்குப் போகலாம். பழைய பேருந்து நிறுவனத்தின் பணிமனை. 2014இல் சக்காரெவிச்சின் தனிக் கண்காட்சியோடுதான் கலைக்கூடமாகத் திறந்தது. கூரை போன இடத்தில் புல். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் சோப்பும் மெழுகுவத்தியும் கொஞ்சம் மிகுதிதான். ஆனால் இங்கே வருகிறவர்கள் படத்தின் முன் நிற்கிறார்கள், படத்துக்கு முதுகைக் காட்டி அல்ல.

சீனரின் ஏழாம் மாதத்தில் வந்தால் இரவில் தெருமுனைகளில் மேடை கட்டிப் பொம்மலாட்டமும் கூத்தும் நடக்கும். ஆவிகளுக்காக நடத்துவது, மனிதர்கள் பின்னால் நின்று பார்த்துக்கொள்ளலாம். கட்டணம் கிடையாது.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் சொல்வது தைப்பூசம். 1894இல் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த நகரத்தாரின் வெள்ளித்தேர், பினாங்கு தெருக் கோயில்வீட்டிலிருந்து புறப்பட்டுத் தண்ணீர்மலைக்குப் போகும். வழியில் சீனர்கள் மலைபோல் குவித்த தேங்காயை உடைத்துத் தெருவை வெள்ளையாக்குவார்கள். இந்த நகரத்தின் ஆகப்பெரிய கலைப்படைப்பு அந்தத் தேரும் அது கடக்கும் தெருவும்தான். பார்க்கிறவர் அதில் ஒட்டவைத்த பொருளாவதில்லை, ஊரோடு ஊராகிறார். பக்தியைக் கலையோடு சேர்த்து எடைபோடலாமா என்று சிலர் கேட்கக்கூடும். போடலாம், விசுவகர்மாவின் உளியை நாம் எப்போது வேறாகப் பிரித்தோம்?

முடிவாகச் சொல்வதென்றால், நீலச் சட்டைச் சிறுமிக்கும் படகோட்டிக்கும் முழு மனதோடு ஒப்புதல். சைக்கிளுக்கு நேரம் பார்த்து ஒப்புதல். கம்பிச் சித்திரங்கள் தமக்குக் கிடைப்பதைவிட அதிக கவனத்துக்கு உரியவை. சுவரோவிய வரைபடத்தை வாங்காதீர்கள். கையில் திணித்தால் மடித்துப் பையில் வையுங்கள். வெள்ளித்தேர் பூசத்துக்கு முதல் நாள் காலை புறப்படும். விடியுமுன் வந்தால்தான் கோயில்வீட்டு வாசலில் நிற்க இடம் கிடைக்கும்.