சேய்மைக்கண் இருந்து பண் பயிறல்

ஆசிரியர் ஓரூரிலும் மாணாக்கர் வேறோரூரிலும் இருந்து இசை பயிலும் வழக்கம் இக்காலத்துப் பெருகி வருகின்றது. முன்னர் அஞ்சல்வழியே பாடம் வந்தது. இப்பொழுது இணையவழியே ஆசிரியர் முகத்தைக் கண்டும் குரலைக் கேட்டும் பயிலலாகின்றது. முல்லையாற்றைச் சார்ந்த சின்னமனூரில் பூலாநந்தீசுவரப் பெருமான் திருமுன் தேவாரத்தைப் பண்ணோடு ஓத விழையும் இளைஞன் ஒருவன், காவிரி நாட்டு மடங்களிற் பன்னாள் தங்கிப் பயிலுதற்கு இயலாதவனாயின், அவனுக்கு இவ்வழியே கைகொடுப்பதாகும். இதனை முற்றும் இழித்துரைப்பாரும் உளர். இதனாலேயே எல்லாம் முடியும் என்பாரும் உளர். இருதிறத்தார் கூற்றும் ஆராயற்பாலன.

சேய்மைக் கல்வி புதுவதொன்றென்று கருதுதல் பொருந்தாது. புதுக்கோட்டையைச் சார்ந்த குடுமியான்மலையில் சிவபெருமான் கோயிலையொட்டிய பாறையிலே பழைய இசைக் கல்வெட்டொன்று உளது. உருத்திராசாரியர் என்பாருடைய மாணாக்கரும் பரம மாகேசுவரருமாகிய அரசர் ஒருவர், மாணாக்கர் நலங் கருதி அச்சுரக் கோவைகளை அமைத்தார் என்று அக்கல்வெட்டே கூறும். அவ்வரசர் மகேந்திரவர்ம பல்லவரே என்பது சிலர் கொள்கை. ஆய்வாளர் எல்லாரும் அதனை உடன்படார். அங்கு வெட்டப்பெற்ற ஏழு இராகங்களுள் சாதாரிதம், பஞ்சமம், கைசிகம் என்னும் பெயர்கள் தேவாரப் பண்களாகிய சாதாரி, பஞ்சமம், கௌசிகம் என்பவற்றை நினைப்பூட்டுவன. கல்லில் வெட்டிய பாடம் கண்ணெதிரே இருப்பார்க்கு மட்டுமோ? பின்வருவாரையும் நோக்கியதன்றோ? ஆயினும் விளைந்தது யாது? எழுத்துக்கள் இன்றும் படிக்கக் கிடக்கின்றன. அவற்றை அன்று பாடிய வண்ணம் பாடிக் காட்டுவார் ஒருவரும் இலர். சில எழுத்துக்களின்மேல் இட்ட புள்ளியின் கருத்து யாதென்பதிலேயே அறிஞர் ஒருதலைப்படவில்லை.

இதனோடு திருமுறை கண்ட புராண வரலாற்றை ஒப்புநோக்குக. தில்லையிலே செல்லரித்து எஞ்சிய ஏடுகள் நம்பியாண்டார் நம்பிகளுக்குக் கிடைத்தன. சொல் ஏட்டிற் கிடைத்தது, பண்ணோ கிடைத்திலது. அதன்பொருட்டுத் திருவெருக்கத்தம்புலியூரிலே, திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்மணி ஒருவரைத் தேடிச் செல்ல நேர்ந்தது. பாடலை ஓலையிலே தேடிய அவர்கள் இசையை ஓர் ஆளிடத்தே தேடினார்கள். மரபறிந்த நாவொன்று எஞ்சியிருந்தமையாற் பண்கள் மீண்டன. அஃதில்லையேல் தேவாரத்துப் பண்ணும் குடுமியான்மலைக் கல்வெட்டின் நிலையையே எய்தியிருக்கும்.

அச்சுப்பொறி வந்தபின் இக்குறையைத் தீர்க்க முயன்றாருள் சுப்பராம தீட்சிதரைச் சிறப்பித்தல் தகும். சின்னசாமி முதலியார் முதலியோர் வேண்டுகோளாலும் எட்டயபுரம் சமஸ்தானத்தின் ஆதரவாலும் 1904-இல் வெளிவந்த அவரது ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’, சுரங்களோடு அமையாது, கமகங்கட்கும் தனித்தனிக் குறியீடு வகுத்துக் காட்டியது. தொலைவிலிருப்பான் கைக்கு மரபைக் கொண்டு சேர்க்க இதனினும் நுணுக்கமாக முயன்ற நூல் அக்காலத்து அரிது. எனினும் அதனைக்கொண்டே ஒரு கீர்த்தனத்தைப் பாடுவார் இருவர் இருவேறாகப் பாடக் காண்கின்றோமன்றோ! அது நூலின் குற்றமன்று. அசைவின் பெயரைக் குறியீடு கூறும். அசைவின் அளவைச் செவியே கூறும்.

ஒலிப்பதிவு இக்குறையிற் பெரும்பங்கு நீக்கிற்று. தருமபுரம் சுவாமிநாதன் போன்ற ஓதுவார் பெருமக்களின் குரலை இன்று சின்னமனூரில் இருந்தபடியே நூறுமுறை கேட்கலாம். பழைய மாணாக்கனுக்கு இப்பேறு இல்லை. அவன் ஆசிரியர் பாடும்பொழுது மட்டுமே கேட்டான். ஆகவே, தொலைவிலிருப்பான் கேட்க இயலாது என்னும் தடை வலியற்றது. அவனை யார் கேட்கின்றனர் என்பதே வினா.

ஏகலைவன் துரோணர் திருவுருவை மண்ணாற் செய்துவைத்து வில் பயின்றான் என்பது கொண்டு, ஆசிரியர் அண்மை வேண்டா என வாதிப்பார் உளர். வில்லுக்கு இலக்கு உண்டு. அம்பு பிழைத்தால் இலக்கே அதனைக் காட்டிக்கொடுக்கும். பாடுவானுக்கு அத்தகைய இலக்கு யாது? தன் பிழை தன் செவிக்குப் பழகிப் பழகி இனிதாகவே தோன்றும். தக்கராகம், தக்கேசி இரண்டும் இன்று காம்போதியிற் பாடப்படுகின்றன. நட்டராகமும் சாதாரியும் பந்துவராளியில். அட்டவணை மாத்திரம் கற்றான் இவற்றை ஒன்றெனவே கொள்வன். கட்டளை வேறுபாட்டையும் சொல் நடையையும் உடனிருந்து உணர்த்துவார் இல்வழி இம்மயக்கம் நீங்காது.

இனி, இயற்றுதல். சுரத்தை எழுதினால் தானே இசைத்துக் காட்டும் பொறிகள் வந்துள்ளன. பயில்வானுக்கு அவை சிறு துணையே. அவை அசைவின்றி இசைப்பனவற்றை இசையெனக் கொண்டு பதிகம் அமைப்பவன், பண்ணின் எலும்பை வைத்து உடலென்பான். கருவியில் அடங்கா இசையும் உண்டென்பதற்கு யாழ்மூரிப் பதிக வரலாறு ஒன்றே அமையும். மேலும், முன்னோர் நூல் செய்தால் அவையில் அரங்கேற்றினர். கந்தபுராணத்தின் முதற்சொல்லிலேயே தடை நிகழ்ந்தமை யாவரும் அறிந்தது. இன்று இயற்றுவோன் பொத்தானை அழுத்திய அளவில் உலகெங்கும் பரப்புகின்றான். தடை நிகழ்த்துவார் எவருமிலர், புகழ்வார் பலர். சேய்மைக் கல்வியால் விளையும் கேடுகளுள் இதுவே கொடிது.

ஆதலின், தொலைவிலிருந்து கற்பிக்கும் ஆசிரியர், தாம் பாடி அனுப்புவதினும் மாணாக்கன் பாடி அனுப்பியதைக் கேட்பதிற் பெரும்பொழுதைச் செலவிடல் வேண்டும். மாணாக்கனும் ஒரு பண்ணில் ஒரு பதிகத்தையே எடுத்துக்கொண்டு, அது திருத்தமுறும்வரை மற்றொன்றை விரும்பாதிருத்தல் நன்று. ஆண்டுக்கு ஒருகாலாயினும் ஆசிரியர் முன்னிலையிற் சென்றமர்ந்து முழுப் பதிகத்தையும் ஓதுக. புதிதாக இயற்றியது ஏதேனும் உளதாயின் அதனையும் அப்பொழுதே பாடிக் காட்டுக. அவர் இசைந்தபின் ஊரார் கேட்கட்டும்.