ஒரே தொட்டியில் இரண்டு பாம்புகள்

அமெரிக்காவில் வீட்டில் பாம்பு வளர்ப்பவர்கள் விரும்பி வாங்குவது கார்ன் ஸ்நேக். விஷமில்லாதது, சாது. ஒரே கண்ணாடித் தொட்டியில் இரண்டை விட்டவர்கள், “சேர்ந்தே சுருண்டு படுக்கின்றன, கொஞ்சிக்கொள்கின்றன, அவற்றுக்கும் துணை வேண்டாமா?” என்கிறார்கள். அவர்கள் கண்டது பொய்யில்லை. கண்டதற்குக் கொடுக்கும் பொருளைத்தான் சோதிக்க வேண்டும்.

சூடான மூலை ஒன்று, பதுங்கும் மறைவு ஒன்று என்றிருக்கும் தொட்டியில் இரண்டும் அங்கேதான் கிடக்கும். அது இடத்துக்கான போட்டியா, பிரியமா என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. அதற்காக, பாம்புக்குத் தோழமையே கிடையாது என்று தள்ளுவதும் தவறு. கனடாவில் மார்கன் ஸ்கின்னரும் நோம் மில்லரும் 2020இல் வெளியிட்ட ஆய்வில், இளம் கார்ட்டர் பாம்புகள் குறிப்பிட்ட கூட்டாளிகளையே நாடின; கலைத்துவிட்டாலும் மறுபடி கூடின. வலுவான சான்றுதான். ஆனால் கார்ட்டர் பாம்பு குளிர்காலத்தில் கூட்டமாக ஒடுங்கும் இனம். அதன் இயல்பைக் கார்ன் ஸ்நேக்கின் மேல் ஏற்றிச் சொல்ல இந்த ஆய்வு இடம் தரவில்லை.

கொஞ்சல் என்று சொல்லப்படுவதை அருகிலிருந்து பார்ப்போம். ஆண், தாடையைப் பெண்ணின் முதுகில் அழுத்தித் தேய்த்துக்கொண்டே தலைப்பக்கம் ஊர்கிறது. நாக்கு அதன் தோலைத் துழாவுகிறது. உடல் வெட்டிவெட்டி அதிர, வால் பெண்ணின் வாலுக்கடியில் நுழையப் பார்க்கிறது. இது இணைசேரும் முயற்சியே, ஐயமில்லை. ஆனால் பெண் பெரும்பாலும் விலகி ஊர்கிறது. காட்டில் அப்படியே போய்விடலாம். தொட்டியில் நாலடி போனால் கண்ணாடி.

இந்த முயற்சி எவ்வளவு கடுமையாகக்கூடும் என்பதற்கும் கார்ட்டர் பாம்பே சாட்சி. கனடாவின் மனிடோபாவில் வசந்தகாலத்தில் ஒரு பெண்ணைப் பல ஆண்கள் மொய்க்கும். அவை உடலை அலையலையாக அசைத்து அழுத்தும்போது, பெண்ணின் நுரையீரலின் பின்பகுதியில் தங்கிய பிராணவாயுவற்ற காற்று முன்னே தள்ளப்படுகிறது. மூச்சுத் திணறலில் பொதுப்புழை (கழிவுக்கும் இணைசேர்வதற்கும் பொதுவான துளை) திறக்க, ஆண் இணைந்துவிடுகிறது. ரிச்சர்ட் ஷைன் குழுவினர் 2003இல் இதைக் கட்டாயப் புணர்ச்சியின் ஒரு வடிவமாகவே விளக்கினார்கள். எல்லாப் பாம்பிலும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதைப் படித்த பிறகும் பின்னிக்கிடப்பதெல்லாம் காதல் என்று எப்படிச் சொல்வது?

பின்னல் சண்டையாகவும் இருக்கலாம். நம் ஊர் வயல்களில் இரண்டு சாரைப்பாம்புகள் நிமிர்ந்து முறுக்கிக்கொள்வதை இணைசேர்கிறது என்று கூடிநின்று பார்க்கிறோம். பெரும்பாலும் அவை இரண்டுமே ஆண்கள். ஒன்றன் தலையை மற்றொன்று கீழே அமுக்கப் பார்க்கிறது. பாம்பின் பாலினம் வெளித்தோற்றத்தில் எளிதில் பிடிபடாது. கடைக்காரர் “ரெண்டும் பெண்” என்று சொன்னால் வாங்குபவர் பெரும்பாலும் நம்பிவிடுவார்.

அந்தச் சொல் தவறினால் விலை கொடுப்பது இளம் பெண்பாம்பு. உடல் முதிருமுன் கருவுற்றால், முட்டை வெளிவராமல் சிக்கி உயிரே போகலாம். பிறகு பிரித்துவைத்தும் பயனில்லாமல் போகக்கூடும். பெண்பாம்பால் விந்தணுவை மாதக்கணக்கில் சேமித்துவைக்க முடியும்.

சேர்த்து வளர்ப்பதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் இணைவிழைவுதான் அதற்கு எதிரான முதல் ஆதாரம். கார்ட்டர் பாம்புக்கு மட்டும், விசாலமான இடமும் பல மறைவுகளும் இருந்தால், விலக்குத் தரலாம். மற்றபடி, ஒரு பாம்புக்கு ஒரு தொட்டி. இனப்பெருக்கம்தான் நோக்கம் என்றால், வளர்ந்த ஜோடியைக் கண்பார்வையில் சில நாள் மட்டும் சேர்த்துவைத்துப் பிரித்துவிடுங்கள்.