ராக் சிம்பல்: பாணிகளும் மதிப்பீடுகளும்

ராக் டிரம்மர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் ஸ்நேரையும் பேஸ் டிரம்மையும் பற்றித்தான் மணிக்கணக்கில் பேசுவார்கள். ஆனால் ஒருவர் எந்தப் பாணிக்காரர் என்று கண்டுபிடிக்க அவருடைய சிம்பல்களைக் கேட்டாலே போதும். ஆம்ப்ளிஃபயரில் முறுக்கிவிட்ட எலெக்ட்ரிக் கிதாரும் சிம்பலும் ஒலியின் மேல் அடுக்கில் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகின்றன. அந்த நெரிசலில் வெண்கலச் சிம்பலுக்கு எவ்வளவு இடம் விடுவது என்ற கேள்விக்கு ஆளாளுக்கு ஒரு விடை கண்டார்கள். பாணிகள் பிறந்தது அப்படித்தான்.

முதலில் பட்டறைகள். அவெடிஸ் ஜில்ஜியன் என்ற ஆர்மீனியர் 1623இல் கான்ஸ்டான்டினோபிளில் ஒரு சிம்பல் பட்டறையை நிறுவினார். 1929இல் அதே பெயர் கொண்ட வாரிசு ஒருவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஆலை தொடங்கினார். நூற்றுக்கு 80 பங்கு செம்பு, 20 பங்கு வெள்ளீயம் என்பது இவர்களுடைய கலவை. வார்த்து, உருட்டி, சுத்தியலால் தட்டி, கடைசலிட்டு எடுப்பார்கள். குடும்பம் பிரிந்தபோது ராபர்ட் ஜில்ஜியன் 1981இல் கனடாவில் சேபியனைத் தொடங்கினார். எஸ்டோனிய வேர் கொண்ட பைஸ்டி குடும்பம் 1957இல் சுவிட்சர்லாந்தின் நாட்வில் ஊருக்கு வந்து சேர்ந்தது. அவர்கள் 1967இல் 'ஜயன்ட் பீட்' வரிசையையும் 1971இல் '2002' வரிசையையும் வெளியிட்டார்கள். இரண்டும் 8 பங்கு வெள்ளீயம் மட்டுமே கலந்த தகட்டில் செய்தவை. புதிதாகக் கற்பவர்களுக்கான விலை குறைந்த சிம்பல்கள் பலவும் இன்று அதே கலவையில்தான் வருகின்றன. ஆனால் லெட் ஸெப்லினின் ஜான் பானமும் டீப் பர்ப்பிளின் இயன் பெய்ஸும் ஏசி/டிசியின் ஃபில் ரட்டும் வாசித்தது பைஸ்டியில். கலவையை மட்டும் வைத்துத் தரம் பிரிப்பவர்களுக்கு இந்த மூவரே பதில்.

இனி பாணிகள். முதலாவது அலை எழுப்பும் பாணி. இதைப் பரப்பியவர் பீட்டில்ஸின் ரிங்கோ ஸ்டார். காலால் திறந்து மூடும் ஹை-ஹாட் ஜோடியை இறுக மூடாமல் அரைகுறையாகத் திறந்துவைத்து, பக்கவாட்டில் வீசி அடிப்பார். தனித்தனி அடிகளாகக் கேட்காமல் இடைவிடாத ஒரு சளசளப்பு பாட்டு முழுக்கப் பரவும். 1964 பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவன் நிகழ்ச்சியில் அமெரிக்கா அவரைப் பார்த்தது. அதற்குப் பிறகு ஜில்ஜியனுக்கு ஆர்டர்கள் குவிந்தன. 'தி ஹூ' குழுவின் கீத் மூன் இதன் எல்லைக்கே போனார். ஹை-ஹாட்டை அநேகமாகத் தொடாமல், அழுத்தம் காட்ட அடிக்கும் கிராஷ் சிம்பலையே தாளம் பிடிக்கும் ரைட் சிம்பலாக வைத்துக்கொண்டார்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் ரோலிங் ஸ்டோன்ஸின் சார்லி வாட்ஸ். ஜாஸ் ரசனையில் ஊறியவர். அவர் வலக்கையைக் கவனித்தால் ஒன்று தெரியும். இரண்டாம், நான்காம் அடிகளில் ஸ்நேர் விழும்போது ஹை-ஹாட்டிலிருந்து கை மேலெழுந்துவிடும். அந்த அடி ஹை-ஹாட்டில் விழாது. ஸ்நேர் தனியாக, மேலே எதுவும் பூசாமல் ஒலிக்கும். கண நேரமே நீளும் இந்த இடைவெளி ஸ்டோன்ஸ் தாளத்துக்கு அதன் ஆட்டத்தைக் கொடுத்தது.

மூன்றாவது பெருவட்டப் பாணி. ஜான் பானம் ஹை-ஹாட்டுக்கு 15 அங்குலமும் ரைடுக்கு 24 அங்குலமும் வைத்திருந்தார். வழக்கமான அளவு ஹை-ஹாட்டுக்கு 14, ரைடுக்கு 20 அல்லது 22. அவருடைய ஹை-ஹாட்டின் கீழ்த்தட்டு விளிம்பு நெளிநெளியாக இருக்கும். மூடும்போது உள்ளே காற்று அடைபடாது, ஒலி பளிச்சென்று வெட்டும். 'ராக் அண்ட் ரோல்' பாடலின் தொடக்கம் திறந்த ஹை-ஹாட்டின் வீச்சுக்கு இன்றும் பாடமாக இருக்கிறது.

'தி போலீஸ்' குழுவின் ஸ்டூவர்ட் கோப்லாண்ட் ரெகே தாளத்தை உள்வாங்கி, ஹை-ஹாட்டில் நுணுக்க வேலைப்பாடு செய்தார். சின்னஞ்சிறு ஸ்பிளாஷ் சிம்பல்களை எதிர்பாராத இடங்களில் தெறிக்கவிட்டார். மெட்டல் டிரம்மர்கள் தடித்த சிம்பல்களுக்குப் போனார்கள். விளிம்பு மேல்நோக்கி வளைந்த சைனா சிம்பலைக் கவிழ்த்து மாட்டினார்கள். ஸ்லேயரின் டேவ் லொம்பார்டோ வாசித்த பைஸ்டியின் ரூட் வரிசை அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்தது.

சிம்பலே வேண்டாம் என்றவர்களும் உண்டு. வெல்வெட் அண்டர்கிரவுண்டின் மோ டக்கர் நின்றுகொண்டே வாசிப்பார், சிம்பலை அபூர்வமாகத்தான் தொடுவார். 1980இல் வந்த தன் மூன்றாவது தனி ஆல்பத்தில் பீட்டர் கேப்ரியல் சிம்பலுக்குத் தடையே போட்டார். ஃபில் காலின்ஸ் அதில் வாசித்த 'இன்ட்ரூடர்' பாடலின் பிரம்மாண்ட டிரம் ஒலி அடுத்த பத்தாண்டுக்கு முன்மாதிரி ஆயிற்று. 2002இல் குவீன்ஸ் ஆஃப் தி ஸ்டோன் ஏஜின் ஆல்பத்துக்கு டேவ் குரோல் டிரம்களை ஒருமுறையும் சிம்பல்களை இன்னொரு முறையும் தனித்தனியாக வாசித்துப் பதிந்தார். ஹை-ஹாட்டின் ஒலி ஸ்நேர் மைக்கில் புகுவது ஸ்டுடியோக்காரர்களின் தீராத தலைவலி. அதைத் தவிர்க்கும் வழி அது.

பாணி எதுவானாலும் சில மதிப்பீடுகள் பொது. மெல்லிய சிம்பல் தொட்டவுடன் விரிந்து சீக்கிரம் அடங்கும், குரல் தாழ்ந்திருக்கும். தடித்தது உயர்ந்த குரலில் நீண்டு ஒலிக்கும், ஆனால் விரிய வலுவான அடி வேண்டும். பலமாக அடிப்பவருக்குத் தடித்த சிம்பல்தான் சரி என்ற நம்பிக்கை பாதிதான் உண்மை. மெல்லியது அடியை வளைந்து வாங்கிக்கொள்ளும்; வளையாத தடிமனிலும் விரிசல் விழும். செங்குத்தாகக் குத்தாமல் விளிம்பில் சறுக்கினாற்போல் அடிப்பதும், ஸ்டாண்டின் திருகை இறுக்காமல் சிம்பலை ஆடவிடுவதும் அதன் ஆயுளைக் கூட்டும். நடுத்துளையில் பிளாஸ்டிக் குழல் இல்லாவிட்டால் கம்பி உரசி உரசித் துளை நீண்டுவிடும்.

வாங்கப் போகிறவர் தன் குச்சிகளையே கொண்டுபோக வேண்டும். சிம்பலின் நடுக் குமிழையும் பரப்பையும் விளிம்பையும் தனித்தனியாகத் தட்டிப் பார்க்க வேண்டும். பிறகு இன்னொருவரை அடிக்கச் சொல்லிவிட்டுப் பத்தடி தள்ளி நின்று கேட்க வேண்டும். அருகில் கரகரப்பாகப் படுவது தள்ளி நின்றால் இதமாகக் கேட்கும். பக்கத்தில் இனித்தது கிதாருக்கு அடியில் காணாமலே போகும். ரசிகர் கேட்கப்போவது அந்தத் தள்ளிய ஒலியைத்தான். கடைசிச் சோதனையைக் கடையில் நடத்த முடியாது, ஒத்திகையில்தான் முடியும்: கிராஷ் விழுந்த மறுகணம் பாடகரின் அடுத்த சொல் தெளிவாகக் கேட்கிறதா? கேட்டால் அந்தச் சிம்பல் அந்தக் குழுவுக்குப் பொருந்தியது. கேட்காவிட்டால், எவ்வளவு பேர்பெற்ற பட்டறையில் பிறந்திருந்தாலும், அதை மாற்றிவிடுவதே நல்லது.