பஞ்சின் ஓட்டைகள்

மீன் தொட்டி வாங்கப் போகிறவர்கள் கண்ணாடியின் கனத்தைப் பார்ப்பார்கள், விளக்கைப் பார்ப்பார்கள், மீனின் வாலைப் பார்ப்பார்கள். ஃபில்டர் பஞ்சை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. கடைக்காரரே பையில் போட்டுத் தந்துவிடுவார். எனக்கோ தொட்டியில் ரசிக்கத் தகுந்த முதல் பொருள் அதுதான்.

வெளிச்சத்தில் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். பாலியூரித்தேன் நுரை உருவாகும்போது குமிழுக்குக் குமிழ் மெல்லிய சவ்வு இருக்கும். மெத்தைக்கு அது சரி; தண்ணீர் தாராளமாகப் போய்வர உதவாது. நல்ல ஃபில்டர் பஞ்சில் அந்தச் சவ்வுகளை வாயுவைப் பற்றவைத்துப் பொசுக்கியோ, காரக் கரைசலில் கரைத்தோ நீக்கிவிடுகிறார்கள். மிஞ்சுவது, சுவரெல்லாம் போய்த் தூணும் உத்திரமும் மட்டும் நிற்கிற வீடு. கனஅளவில் ஏறக்குறைய 97 விழுக்காடு வெற்றிடம். காசு கொடுத்து வாங்குவதே ஓட்டையைத்தான்!

ஓர் அங்குலத்தில் எத்தனை துளை என்று எண்ணித்தான் ரகம் பிரிக்கிறார்கள். 20 முரடு, 30 நடுத்தரம், 45 நைசு. நைசாக இருந்தால் தண்ணீர் பளிச்சென்று இருக்கும் என்று ஆசைப்பட்டு வாங்கினால், சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். கப்பி வளர்ப்பவர்களுக்கு நான் 30-ஐத்தான் சொல்வேன். குஞ்சை உள்ளே இழுக்காது, தண்ணீரையும் மறிக்காது. (கறுப்பாக இருந்தால் கார்பன் கலந்தது என்று நம்புகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அது வெறும் சாயம்.)

குப்பையைப் பிடிப்பது இதன் சில்லறை வேலை. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை ஆபத்து குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் அந்தத் தூண்களில் வழவழவென்று படர்கின்றன. அவை நிலைகொள்ள நாலிலிருந்து ஆறு வாரம் வேண்டும். இரண்டு படிக்கும் இரண்டு வகை பாக்டீரியா என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். இரண்டையும் ஒருவரே செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைரா வகையை 2015-இல்தான் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்த ஆய்வுக்குழுக்களில் ஒன்று அதைக் கண்டது மீன் வளர்ப்புத் தொட்டியின் ஃபில்டரில்.

அந்தக் குடித்தனத்துக்கு வேண்டியது ஆக்சிஜனும் ஓட்டமும். ஏர் பம்பின் குமிழிகள் பஞ்சோடு இணைந்த குழாயில் ஏற ஏற, உள்ளே இருக்கும் தண்ணீர் லேசாகி மேலே போகிறது. அந்த இடத்தை நிரப்பப் பஞ்சு வழியே வேறு தண்ணீர் வருகிறது. தொட்டிக்குள் சுழலும் பாகம் ஒன்றுகூட இல்லை. உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியே துருவேறும் சென்னைப் பட்டினப்பாக்கத்தில் இதன் அருமை தெரியும். பம்பை மட்டும் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், கரண்ட் போனால் தண்ணீர் பின்னால் ஏறிவிடும்.

ஓட்டம் நின்றால் என்னாகும் என்பதை இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். சீனிவாசபுரத்தை ஒட்டிய அடையாற்று முகத்துவாரத்தில் மணல் திட்டு குறுக்கே விழுந்தால், கடல் தண்ணீர் வந்துபோவது நின்று ஆறு தேங்கி நாறும். பொக்லைன் வந்து வாயை வெட்டிவிட வேண்டும். பஞ்சு அடைத்துக்கொண்டாலும் இதே கதிதான்: நடுவில் ஆக்சிஜன் போகாமல், மண்வாசனை மாறி அழுகல் வீச்சம் வரும்.

அப்போது குழாயடிக்குக் கொண்டுபோய்ச் சோப்புப் போட்டுத் துவைக்கிற சுத்தக்காரர்களை நினைத்தால் பகீரென்கிறது. மெட்ரோ வாட்டர் குளோரின் பாக்டீரியாவுக்கு ஆகாது. தொட்டித் தண்ணீரையே ஒரு பக்கெட்டில் மொண்டு, இரண்டு மூன்று முறை பிழிந்தால் போதும். பழுப்புச் சாறு இறங்கும், பஞ்சு திரும்பவும் உப்பிக்கொள்ளும். நிறம் போகாது, போகவும் வேண்டாம்.

புதுத் தொட்டி வைக்கப் போகும் பக்கத்து ஃபிளாட்காரருக்கு, நோயில்லாத உங்கள் தொட்டியில் அவருடைய புதுப் பஞ்சையும் சில வாரம் ஓடவிட்டுக் கொடுங்கள். மீன் வாங்க அவர் அதற்கப்புறம் கொளத்தூர் போகட்டும்.