தெருவில் கற்ற தமிழ்: பாமாவின் ‘சங்கதி’ குறித்து

ஒரு நூல் வெளிவந்து முப்பது ஆண்டுகள் கடந்த பின்னரும் அதன்மீது ஒரே முறையீடு திரும்பத் திரும்ப எழுமானால், குறை நூலில் இருக்கிறதா, கேட்போர் செவியில் இருக்கிறதா என்று ஆராய்வது திறனாய்வின் கடமையாகிறது. பாமாவின் ‘சங்கதி’ 1994-இல் மதுரையில் வெளியாயிற்று. அதன் கருத்தோடு உடன்படுவோர்கூட அதன் மொழியைப் பற்றிப் பேசும்போது தயங்குகின்றனர். ‘இவ்வளவு கொச்சையாக எழுத வேண்டுமா? நல்ல குடும்பத்துப் பெண்பிள்ளைகள் கையில் இதைக் கொடுக்கலாமா?’ என்று கேட்கின்றனர். அந்நூலில் பேசுவோரோ பெரும்பாலும் பெண்களே. அவர்களுள் பலர் நம்மைப் போல் திருமுழுக்குப் பெற்றவர்கள். பெண்கள் பேசியதைப் பெண்கள் படிக்கலாகாது என்னும் இக்கூற்றுக்குள், பெண்ணுக்குரிய மொழி எது என்பது குறித்துச் சமுதாயம் நெடுங்காலமாக ஆராயாமல் வைத்திருக்கும் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. அத்தீர்ப்பைச் ‘சங்கதி’ மறுவிசாரணைக்கு அழைக்கிறது.

பாமா 1958-இல் இன்றைய விருதுநகர் மாவட்டத்துப் புதுப்பட்டியில், தலித் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். ஆசிரியப் பணி செய்தவர். துறவு சபையில் சேர்ந்து, 1992-இல் அதைவிட்டு வெளியே வந்தவர். அதே ஆண்டில் வெளியான அவருடைய முதல் நூலான ‘கருக்கு’, பனைமட்டையின் கூர்விளிம்பையும் எபிரேயர் திருமுகம் கூறும் இருபக்கக் கூர்வாளையும் ஒருசேர நினைவூட்டும் தலைப்பைத் தாங்கி வந்தது. மதுரையில் இயேசு சபையார் நிறுவிய சமுதாயச் சிந்தனை செயல் ஆய்வு மையமே இவ்விரு நூல்களையும் முதலில் வெளியிட்டது. பின்னர் லட்சுமி ஹோம்ஸ்ட்ரோமின் மொழிபெயர்ப்பில் ‘கருக்கு’ 2000-ஆம் ஆண்டிலும், ‘சங்கதி’ 2005-ஆம் ஆண்டிலும் ஆங்கிலத்தில் வெளிவந்து உலகெங்கும் வாசிக்கப்பட்டன. உள்ளூரில் ‘கொச்சை’ எனப்பட்டது வெளியூரில் இலக்கியமாக ஏற்கப்பட்டது.

‘கருக்கு’ ஒரு பெண்ணின் வாழ்வைச் சொன்னது. ‘சங்கதி’ ஒரு தெருவின் பெண்கள் பலருடைய வாழ்வைச் சொல்கிறது. தமிழ்ப் புனைகதையில் பாத்திரங்கள் பேச்சுத் தமிழில் பேசுவதும், ஆசிரியர் எழுத்துத் தமிழில் விவரிப்பதும் பெருவழக்கு. கரிசல் மண்ணின் பேச்சுக்கு எழுத்தில் இடம் தந்து கி. ராஜநாராயணன் அவ்வழக்கைத் தளர்த்தியிருந்தார். பாமா அதற்கும் அப்பால் செல்கிறார். வயலில் களையெடுத்துத் திரும்பும் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மொழியிலேயே அவர் நூல் முழுவதையும் விவரிக்கிறார். இதனால் வாசகருக்கு மேட்டில் நின்று பார்க்கும் வசதி கிடைப்பதில்லை. அவரும் திண்ணையில் அமர்ந்து கேட்டாக வேண்டும்.

தமிழைத் தாய்மொழி என்று பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் தாய் பேசிய மொழியை அப்படியே ஏட்டில் எழுதினால் பிழை என்று அடிக்கோடு இடுகிறோம். இம்முரண்பாடு எல்லாக் குழந்தைகளுக்கும் உண்டு. பெண் குழந்தைக்கோ இன்னொரு முரண்பாடும் கூடுதலாக உண்டு. ‘சங்கதி’யில் கதை சொல்லும் சிறுமி தன் பாட்டியின் வாயிலிருந்து உலகைக் கற்கிறாள். எதை உரக்கச் சொல்லலாம், எதைப் பெண்களுக்குள் மட்டும் சொல்லலாம், எதைச் சொல்லாமலே இருக்க வேண்டும் என்பதையும் உடன் கற்கிறாள். ஆண்பிள்ளை அழுதால் ஓடித் தூக்குபவர்கள், பெண்பிள்ளை அழுதால் விட்டுவிடுவதை அவள் கவனிக்கிறாள். விளையாட்டில்கூட ஆண்பிள்ளைகள் அதிகாரம் செய்யும் வேடங்களையும், பெண்பிள்ளைகள் சமைத்துப் பரிமாறும் வேடங்களையும் ஏற்கின்றனர். அந்தந்த வேடத்துக்கு உரிய சொற்களும் அப்போதே நாவில் படிந்துவிடுகின்றன. மொழியோடு தன் இடத்தையும் பெண் கற்றுக்கொள்வதை விரிவுரை எதுவுமின்றி இக்காட்சிகள் காட்டிவிடுகின்றன.

நம் பகுதியின் பேச்சு வழக்கைச் சற்று உற்று நோக்கினால் இது இன்னும் தெளிவாகும். தொல்காப்பிய இலக்கணம் மக்களை உயர்திணை என்று வகுத்து, அதில் ஆண்பால், பெண்பால், பலர்பால் என மூன்றைக் கண்டது. மதுரைச் சுற்றுவட்டாரப் பேச்சிலோ, ‘அண்ணன் வந்தாரு’ என்று சொல்லும் அதே நாவு, ‘அக்கா வந்துச்சு’ என்று சொல்கிறது. அண்ணனுக்கு மரியாதைப் பன்மை. அக்காவுக்கு அஃறிணை முடிபு. இதை வெறும் இழிவு என்று கொள்வது தவறாகும். ‘வந்தாள்’ என்பதன் கடுமைக்கும் ‘வந்தார்’ என்பதன் தொலைவுக்கும் இடையே பாசம் கண்டுகொண்ட இடம் அது. ஆயினும், பெண்ணுக்கு மரியாதையும் நெருக்கமும் ஒருங்கே தரும் உயர்திணை முடிபு ஒன்றைப் பேச்சு தேடியபோது, அது கிடைக்கவில்லை என்பதும் உண்மையே. இவ்வழக்கின் மறுபக்கத்தில், கணவரின் பெயரைச் சொல்லலாகாது என்னும் விலக்கு இருந்தது. மனைவியின் பெயரைக் கணவர் தெருமுனையிலிருந்து கூவி அழைக்கலாம். கணவரின் பெயரோ மனைவிக்கு எட்டாச் சொல். ‘என்னங்க’ என்றோ, பிள்ளையின் பெயரைச் சொல்லி ‘அவன் அப்பா’ என்றோ மனைவி சுற்றி வளைத்தே அழைக்க வேண்டும்.

பெண்கள் தயங்கியும் தணிந்தும் பேசுவதை அமெரிக்க மொழியியலார் ராபின் லேக்காஃப் 1975-இல் ஒரு நூலாகவே ஆராய்ந்து, சமுதாயம் பெண்ணுக்குப் பயிற்றுவித்த பேச்சு அது என்றார். வில்லியம் ஓபார், போமன் அட்கின்ஸ் என்னும் இருவர் நீதிமன்றச் சாட்சியங்களை ஆராய்ந்து 1980-இல் அக்கருத்தைத் திருத்தினர். அத்தயக்கம் எல்லாப் பெண்களிடமும் இல்லை, சமுதாயத்தில் தாழ்நிலையில் வைக்கப்பட்ட ஆண்களிடமும் அது உண்டு என்று அவர்கள் கண்டனர். ஆக, அதிகாரம் அற்றவரின் பேச்சே பெண்பேச்சு என்று பெயர் பெற்றிருந்தது. இதைக் கருத்தில் கொண்டு ‘சங்கதி’யில் வரும் மாரியம்மாவின் கதையைப் படிக்க வேண்டும். நிலக்கிழார் ஒருவரின் அத்துமீறலிலிருந்து தப்பி ஓடிய அப்பெண்மீதே பழி சுமத்தப்படுகிறது. ஊர்ப் பஞ்சாயத்தில் ஆண்கள் பேசுகின்றனர்; உண்மை அறிந்த பெண்கள் வாய் திறந்தால் அடக்கப்படுகின்றனர். முடிவில் குற்றமற்றவள் தண்டம் கட்டுகிறாள். அவளுக்குச் சொல் தெரியாமல் போய்விடவில்லை. அவள் சொல்லைச் சொல்லாக ஏற்கும் செவிதான் அந்த மன்றத்தில் இல்லை.

இப்போது முறையீட்டுக்கு உள்ளான பகுதிக்கு வருவோம். ராக்கம்மா என்னும் பெண், அடிக்கும் கணவனைத் தெருவில் நின்று ஏசுகிறாள். அச்சொற்களை இங்கே எடுத்தெழுத இயலாது. கூடி நின்றவர்களும் முகம் சுளிக்கின்றனர். ஆனால் கதை சொல்பவள் நம்மை ஒரு கேள்வியின் முன் நிறுத்துகிறாள்: அவள் அப்படிக் கத்தாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடி தொடர்ந்திருக்கும். பஞ்சாயத்துச் செவிசாய்க்காத இடத்தில், சட்டம் தெருவுக்குள் வராத காலத்தில், ஒரு பெண்ணின் கைக்கு எட்டிய ஒரே காவல் அவளுடைய நாவு. அச்சொற்களை அருவருப்பவர்கள் அவற்றுக்கு முன் விழுந்த அடியையும் அதே அளவு அருவருக்க வேண்டும். வசைச்சொல் காதில் விழும்போது துடிக்கும் நம் பண்பாடு, அடி விழும்போது ‘குடும்ப விவகாரம்’ என்று கதவைச் சாத்திக்கொள்ளுமானால், அது பண்பாடு ஆகாது.

அந்நாவு வசைக்கு மட்டும் உரியதன்று. தாலாட்டும் கும்மியும் ஒப்பாரியும் அதிலிருந்தே பிறக்கின்றன. பிறப்பிலிருந்து இறப்பு வரை ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் இப்பெண்கள் பாட்டுக் கட்டுகின்றனர், நடவின்போதும் பாடுகின்றனர், கேலிப் பாட்டில் ஆண்களையே நையாண்டி செய்கின்றனர். ஏட்டைத் தொட வாய்ப்பில்லாதவர்கள் இத்தனை வளமான சொல்லாட்சியைத் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றித் தந்திருக்கின்றனர். இவர்களைக் ‘கல்லாதவர்கள்’ என்று சொல்வதற்கு முன் கல்வி என்றால் என்ன என்று நாம் சிந்திக்க வேண்டியிருக்கிறது.

நூலில் குறை இல்லையா? உண்டு. கதை தானே சொல்லி முடித்ததை, கதை சொல்பவள் சில இடங்களில் அறிவுரையாக மீண்டும் சொல்கிறாள். பாட்டியின் ஒரு வாக்கியம் நெஞ்சில் தைத்த பின்பு அதற்கு உரை வேண்டியதில்லை. அத்தகைய இடங்களில் தெருவின் மொழி மெல்ல மறைந்து, மேடையின் மொழி எட்டிப் பார்க்கிறது. தன் மக்களின் பேச்சை அத்துணை நம்பிய ஆசிரியர் அதை இறுதிவரை முழுமையாக நம்பியிருக்கலாம் என்றே நாம் கருதுகிறோம்.

திருச்சபைக்கு இதில் என்ன பங்கு என்று சிலர் கேட்கக்கூடும். மதுரை மறைப்பணித்தளத்தில் உழைத்த வீரமாமுனிவர் செந்தமிழுக்குத் ‘தொன்னூல் விளக்கம்’ எழுதியதோடு நிற்கவில்லை. மக்கள் பேசிய கொடுந்தமிழுக்கும் இலத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். அது 1738-இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. மக்களின் பேச்சுக்கும் ஒழுங்கு உண்டு, அதையும் பணிந்து கற்க வேண்டும் என்பது நமக்குப் புதிய பாடமன்று. 1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு, திருத்தூதர் பவுல் சகோதரரை மட்டும் விளித்ததாக முன்பு நாம் வாசித்துவந்த இடங்களில் சகோதரிகளையும் சேர்த்தே அழைக்கிறது. 1972 முதல் ஆண்களுக்கே உரியதாக இருந்த நிலையான வாசகர் பணியையும் பீடப்பணியையும், மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2021 சனவரியில் பெண்களுக்கும் திறந்துவிட்டார். பெண்ணின் குரலில் இறைவார்த்தை ஒலிப்பது இன்று சலுகையன்று. திருச்சபையின் முறையான பணி.

எனினும் வாசிக்கும் உரிமை வேறு; தன் சொல்லில் பேசும் உரிமை வேறு. அன்பியக் கூட்டங்களில் விவிலியப் பகிர்வு வேளையைக் கவனியுங்கள். அச்சிட்ட மன்றாட்டைப் பிழையின்றி வாசிக்கும் தாய், ‘உங்கள் சொந்தச் சொற்களில் சொல்லுங்கள்’ என்றதும் தலை குனிகிறார். ‘எனக்குப் பேசத் தெரியாது, சாமி’ என்கிறார். கூட்டம் முடிந்து செருப்பை மாட்டும்போது அவரே பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் மகளின் திருமணக் கடனை, மகனின் குடியை, மழை பொய்த்த நிலத்தை நெஞ்சு உருகச் சொல்கிறார். அதுவே அவருடைய மன்றாட்டு. சில நிமிடங்கள் முன்பு, செபம் நடந்த இடத்தில், அதற்கு இடமில்லாமல் போய்விட்டது.

மத்தேயு நற்செய்தியில் கானானியப் பெண் ஒருவர் தெருவில் கத்திக்கொண்டே பின்தொடர்கிறார். அவரை அனுப்பிவிடும்படி சீடர்கள் ஆண்டவரிடம் வேண்டுகின்றனர். அந்தக் கூச்சல் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. அப்பெண்ணோ மறைநூலிலிருந்து வாதம் எடுக்கவில்லை. மேசை, அப்பத் துண்டு, வீட்டு நாய்க்குட்டி என்று தம் அடுப்படி அறிந்த சொற்களாலேயே பதில் சொல்கிறார். ஆண்டவர் அந்தச் சொல்லை ஏற்று, அவருடைய நம்பிக்கை பெரிது என்கிறார். சீடர்கள் கூச்சல் என்று கேட்டதை, அவர் செபம் என்று கேட்டார்.

‘சங்கதி’யை நம் பங்கு நூலகங்களில் வைக்கலாமா என்ற கேள்விக்கு இதுவே நம் விடை. வைக்க வேண்டும், பெண்கள் படிப்பதற்கு முன் ஆண்கள் படிக்க வேண்டும். அருள்பணியாளர்களும் உபதேசியார்களும் பங்குப் பேரவையினரும் படிக்க வேண்டும். படித்து முடித்த பின், அடுத்த அன்பியக் கூட்டத்தில் ‘எனக்குப் பேசத் தெரியாது’ என்று ஒரு தாய் சொல்லும்போது, அவர் வாயில் ஆயத்தச் சொற்களை வைக்காமல், அவருடைய சொல் வரும்வரை சற்றே பொறுத்திருக்க வேண்டும்.