வெயிலைத் தாங்கும் அப்பிள்

இமாச்சலப் பிரதேசத்து விவசாயி ஹரிமன் சர்மாவுக்கு 2025ஆம் ஆண்டு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது. சமவெளியிலும் காய்க்கும் ‘எச்.ஆர்.எம்.என்.-99’ என்ற அப்பிள் இனத்தைத் தந்தவர் அவர். விருது தகுதியானதுதான். தானாக முளைத்த ஒரு கன்றைக் கைவிடாமல் ஒட்டுக்கட்டிப் பெருக்கி, மலையுச்சிப் பழத்தை அடிவாரத்துக்கு இறக்கிய காரியம் சின்னதல்ல. ஆனால் அந்த விருதின் வெளிச்சத்தில் வேறொரு வியாபாரம் குளிர்காய்கிறது. ‘நாற்பத்தைந்து பாகை வெயிலையும் தாங்கும்’ என்ற உத்தரவாதத்தோடு அப்பிள் கன்றுகள் கடற்கரை ஊர்களுக்கும் வந்துவிட்டன. மட்டக்களப்பின் கல்லடியில் முருங்கைக்கும் வாழைக்கும் இடையில் ஒரு அப்பிள் கன்று நிற்பது இப்போது வளவுக்கு ஓர் அந்தஸ்து. கேள்வி கேட்டால், “வைத்துப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்?” என்கிறார்கள்.

ஒப்புக்கொள்ள வேண்டியவற்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். குறைந்த குளிரே போதும் என்கிற அப்பிள்கள் உண்மையிலேயே உண்டு. இஸ்ரேலில் உருவான ‘அன்னா’வும் பஹாமாஸ் தீவிலிருந்து வந்த ‘டோர்செட் கோல்டன்’னும் பல நாடுகளில் காசு ஈட்டிக் கொடுத்தவை. ஜாவாவின் ‘பத்து’ என்னும் மலைப்பகுதியில் ஆண்டுக்கு இரண்டு தடவை அப்பிள் பறிக்கிறார்கள். யாழ்ப்பாணத்துத் திராட்சையும் குளிர்நாட்டுக் கொடிதான். கத்தரித்துவிட்டால் துளிர்த்துக் காய்க்கிறது. எல்லாம் சரி.

என் ஆட்சேபம் பழையது, ஒன்றே ஒன்று. வெயிலைத் தாங்குமா என்று அப்பிளிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியது குளிரைப் பற்றி; உறங்கும் அரும்பு விழிக்க அதுதான் வேண்டும். சர்மாவின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஆனி வெயில் நாற்பதைத் தொடலாம். அதே ஊரில் தை மாத இரவு ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடுகிறது. சர்மாவின் மரம் அந்த இரவுகளில்தான் தன் கணக்கைத் தீர்த்துக்கொள்கிறது. விளம்பரத்தில் கோடை மட்டும் வருகிறது, அந்த இரவுகள் வருவதில்லை.

கல்லடியின் கணக்கைப் பார்ப்போம். 7.2 பாகை செல்சியசுக்குக் கீழே எத்தனை மணித்தியாலம் கழிகிறது என்று எண்ணுவதுதான் பழைய முறை. சாதாரண அப்பிளுக்கு எண்ணூறு, ஆயிரம் மணித்தியாலம் வேண்டும். அன்னாவுக்கு இருநூறு, முந்நூறு. வாடைக்காற்று அடிக்கும் மார்கழி விடியற்காலையில்கூட வாவிக்கரையில் 22, 23 பாகைக்குக் கீழே போவது அபூர்வம். ஆக நமக்குக் கிடைப்பது பூச்சியம். 1974இல் பீச் மரங்களுக்காக வகுத்த யூட்டா முறை இன்னும் கண்டிப்பானது: 18 பாகைக்கு மேலே கழியும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் அதுவரை சேர்ந்த குளிரிலிருந்து ஒரு புள்ளியைக் கழித்துவிடும். அந்தக் கணக்கில் கல்லடி அப்பிள் வருடம் முழுவதும் கடனில்தான் நிற்கிறது.

“அப்படியானால் பூத்ததே, காய்த்ததே, படம் இருக்கிறதே” என்பார்கள். படம் பொய்யல்ல. ஒட்டுக்கன்றின் முதல் அரும்புகள் அது வளர்ந்த நாற்றுமேடையில் உருவானவை. ஒட்டுமுளை எடுத்த மரம் எந்த ஊர்ப் பனியில் நின்றதோ, அந்தப் பனியையும் சேர்த்தே அவை சுமந்து வருகின்றன. கல்லடி மணலில் நட்டதும் அந்த அரும்புகள் விரிகின்றன. பிறந்த ஊரின் குளிரில் முடிந்த வேலையைக் கல்லடி மண்ணின் பெருமையாக எழுதிக்கொள்கிறோம். அதே மரத்தை நாலாம் வருடம் படம் பிடித்துப் போடுபவர் யார்?

அந்த நாலாம் வருட மரத்தின் கிளை ஒன்றைக் கிட்டப் போய்ப் பாருங்கள். நுனியில் மட்டும் குடுமி போல இலைக்கொத்து. அதற்குக் கீழே முழ நீளத்துக்கு வெறும் தடி. அந்தத் தடியில் அரும்புகள் செத்துப்போகவில்லை. செதில் மூடிக் கறுத்து, இறுகிக் கிடக்கின்றன, நகத்தால் கிள்ளினால் உள்ளே பச்சை தெரியும். பூ வந்தாலும் இன்று ஒன்று, மூன்று வாரம் கழித்து இன்னொன்று. பெரும்பாலான அப்பிள்களுக்கு வேறோர் இனத்தின் மகரந்தம் வேண்டும். இரண்டு மரங்களும் ஒரே வேளையில் பூக்காவிட்டால் தேனீ என்ன செய்யும்?

ஜாவாவைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் அங்கே நடப்பதைப் பாதி மட்டும் சொல்கிறார்கள். அறுவடை முடிந்து சில வாரங்களில் மரத்தின் இலைகளைக் கையாலேயே உருவி மொட்டையாக்கிவிடுகிறார்கள். உறங்குநிலைக்குள் ஆழமாக இறங்குமுன் அரும்பைத் தட்டி எழுப்புகிற தந்திரம் அது. அதுவும் கடல் மட்டத்திலிருந்து எழுநூறு மீற்றருக்கு மேலே, இரவில் போர்வை தேடுகிற ஊரில். அங்கேயே இப்போது பலர் அப்பிளை வெட்டிவிட்டுத் தோடைக்கு மாறிவிட்டார்கள். கல்லடியின் உயரத்தைச் சொல்ல மீற்றர் கணக்கில் ஒற்றை இலக்கம் போதும். திராட்சை உதாரணமும் உதவாது. கத்தரித்ததும் வரும் இளங்கொடியிலேயே அது குலை தள்ளிவிடும். அப்பிளின் பூவரும்போ முந்திய பருவத்திலேயே உருவாகி, உறங்கி, பிறகுதான் விழிக்க வேண்டும்.

பரீட்சித்துப் பார்ப்பதில் என்ன நட்டம் என்ற கேள்வியும் எனக்கு ஏற்புடையதல்ல. பரீட்சை என்றால் இனத்தின் பெயர், ஒட்டுக்கட்டையின் பெயர், நட்ட திகதி, பூத்த திகதி, ஐந்து வருடக் காய்க்கணக்கு எல்லாம் வேண்டும். விற்பவரிடம் ஒட்டுக்கட்டை என்னவென்று கேட்டால் சிரிப்புத்தான் பதில். மாரியில் வேர் ஊறிக் கிடக்கும், கோடையில் கிணறு உவர்க்கும் மணலில் எந்த ஒட்டுக்கட்டை நிற்கும் என்பது சிரித்துக் கடக்கிற விடயமா? இது பரீட்சையல்ல, லொத்தர் சீட்டு. நான் கொஞ்சம் கடுமையாகப் பேசுகிறேன் என்று தெரியும். பணம் கொடுப்பவர்கள் ஓய்வூதியத்தில் வாழும் வாத்தியார்மாரும் வெளிநாட்டுப் பிள்ளையின் காசில் வளவு திருத்தும் அம்மாமாரும் என்பதால் பேசுகிறேன்.

விருது பற்றித்தான் பேச்சு என்றால் பிலிப்பைன்சின் ரமோன் பார்பாவையும் சேர்த்துப் பேச வேண்டும். மாமரத்தில் பொட்டாசியம் நைத்திரேற்றைத் தெளித்துப் பூக்கவைக்கும் முறையை 1970களில் கண்டவர்; 2014இல் அந்நாட்டின் தேசிய விஞ்ஞானி ஆனார். அவர் அந்த மண்ணில் காய்க்கிற மரத்தையே எடுத்துக்கொண்டார். அந்த முறைக்கும் நிபந்தனை உண்டு: கடைசித் தளிர் முற்றியிருக்க வேண்டும், இளந்தளிரில் தெளித்தால் பலிக்காது. எங்கள் மாமரங்களின் சிக்கலும் இதே இடத்தில்தான். மழை தை கடந்தும் நீண்டால் பூ வரவேண்டிய நுனியில் தளிர் வருகிறது. வந்த பூவும் ஈரத்தில் கறுத்துக் கொட்டுகிறது. எந்த மாதத்து மழையில் எந்தத் தளிர் வந்தது, எப்போது முற்றியது, எந்தக் கிளை பூத்தது என்று இந்தக் கரையில் எத்தனை வளவுகளில் எழுதி வைத்திருக்கிறார்கள்? அப்பிள் கன்றுக்குக் கொடுக்கிற காசில் ஒரு கொப்பியும் பேனையும் வாங்கி, மிச்சத்துக்கு மாமரத்துக்குப் பசளையும் போடலாம்.